ஏரிக்கரைத் தொகுதிக்கு ஒரு சுவரொட்டி

நான் ஓய்வு பெற்ற அன்று மத்தியானம் எங்கள் அச்சகக் கடையில் எல்லோருமாகச் சேர்ந்து சாப்பிட்டோம். இப்போது என்னுடைய கதிரையில் இருந்து டிசைன் செய்கிற கவின் என்ற பிள்ளை வாய்க்குள் சோற்றை வைத்துக்கொண்டே கேட்டான்.

"அன்ரி, இவ்வளவு காலத்திலை உங்களுக்கு ஹார்டஸ்ட் ஜொப் எது?"

நான் வாய் திறக்க முதலே மற்றவர்கள் பதில் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். கோயில் திருவிழா மலர் என்றார் ஒருவர். மூன்று தரம் மாப்பிள்ளையின் பெயர் மாறிய கல்யாணக் கார்ட் என்றார் இன்னொருவர்.

"உதொண்டும் இல்லை. கானாவிலை ஒரு தொகுதிக்கு அடிச்ச எலக்‌ஷன் போஸ்டர்" என்றேன்.

"கானாவோ? ஆபிரிக்கா? நீங்கள் அங்கை போனனீங்களோ?"

"இல்லை. ரொறன்ரோவிலை, இந்த மில்லிக்கனை விட்டு அரக்கேல்லை."

எல்லோரும் சிரித்தார்கள். அதற்குள் யாரோ விசிட்டிங் கார்ட் எடுக்க வந்துவிட்டார், கவின் எழும்பிப் போனான், கதை நின்றுவிட்டது. அன்று சொல்லாமல் போனதைத்தான் இங்கே எழுதுகிறேன். தொகுதியின் பெயரை மட்டும் எழுதப்போவதில்லை. அங்கே இரண்டு பக்கத்திலும் எனக்கு இன்னும் சிநேகிதர் இருக்கிறார்கள்.

எங்கள் அச்சகம் ஸ்டீல்ஸ் வீதிக்குக் கிட்ட ஒரு பிளாசாவுக்குள் இருந்தது. ஒரு பக்கம் கொத்துரொட்டிக் கடை, மறுபக்கம் பல் வைத்தியர். நான் சேர்ந்தபோது எனக்குத் தெரிந்தது தமிழ்த் தட்டச்சு ஒன்றுதான். கடதாசி வெட்டுவது, மடிப்பது, கணினியில் பக்கம் அமைப்பது, அச்சு மெசினுக்குப் பிளேட் எடுப்பது எல்லாம் முதல் இரண்டு மூன்று குளிர்காலங்களில் பழகினேன். விரல் வெட்டுப்படாமல் பழகினேன் என்பதைத் தவிர அதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை.

முதலாளி சிவநேசன் அண்ணை. எல்லோருக்கும் நேசன் அண்ணை. மெலிந்த மனிதர். காதில் எந்நேரமும் ஒரு பென்சில் இருக்கும். அச்சு மெசினை "இவர்" என்றுதான் சொல்லுவார். "இவருக்கு இண்டைக்குக் குளிருது பிள்ளை, கொஞ்சம் சும்மா ஓடட்டும், பிறகு மை குடுப்பம்." அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் இன்னும் மெதுவாகப் பேசுவார். அவர் வாய் அசைவதைப் பார்த்துத்தான் என்ன சொல்கிறார் என்று பிடிக்கவேண்டும். அப்படி அவர் பேசத் தொடங்கினால் நாங்கள் எல்லோரும் கையில் இருப்பதை வைத்துவிட்டு நேராக நிற்போம்.

அவரிடம் இரண்டு பழக்கம் இருந்தது. யாருக்காகவும் இரண்டையும் விட்டுக்கொடுக்கமாட்டார்.

ஒன்று, அடிக்க முதல் எடுக்கிற மாதிரித் தாளை, அந்தப் புரூஃபை, வாடிக்கையாளர் நின்றுகொண்டு சத்தமாக வாசிக்கவேண்டும். வாசித்து முடித்துக் கையெழுத்து வைத்தால்தான் பிளேட் எடுப்போம். ஒரு கல்யாணக் கார்டில் பெண்ணின் தகப்பன் பெயரும் மாப்பிள்ளையின் தகப்பன் பெயரும் மாறிப்போய், அதை இரண்டு வீட்டாரும் மூன்று தரம் பார்த்து "சரி" என்று சொல்லி, கார்டெல்லாம் ஊருக்குப் போன பிறகு கண்டுபிடித்ததில் இருந்து வந்த பழக்கம் அது. "கண் இருக்கே, அது தான் நினைச்சதை வாசிக்கும். வாய்தான் கடதாசியிலை இருக்கிறதை வாசிக்கும்" என்பார். வக்கீல்மார் வாசித்தார்கள். வீடு விற்கிறவர்கள் தங்கள் சொந்தப் புகழையே முகம் சிவக்க வாசித்தார்கள். ஒரு குருக்கள் பூசை நேரங்களை மந்திரம் மாதிரியே ராகத்தோடு வாசித்துவிட்டுப் போனார்.

மற்றது, ஒருவருடைய வேலையை இன்னொருவருக்குக் காட்டக்கூடாது. மேசையில் எது கிடந்தாலும் ஆள் உள்ளே வரும்போது முகத்தைக் கவிழ்த்து வைக்கவேண்டும். ஒரே தெருவில் இரண்டு புடவைக் கடைக்காரர் எங்களிடம் துண்டுப்பிரசுரம் அடித்தார்கள். இவருடைய மலிவு விற்பனை அவருக்கு எங்களால் ஒருநாளும் தெரிந்ததில்லை.

யாவோ முதல் தரம் வந்தது தன் தாயாரின் மரணப் புத்தகத்தோடு. கானாக்காரர், ஒஷாவாவில் கார் உதிரிப்பாகத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்கிறவர். உயரமான ஆள், கதவுக்குள் குனிந்துதான் வருவார். கானாவில் ஒருவர் இறந்தால் அவருடைய வாழ்க்கை வரலாறு, படங்கள், பிள்ளைகளின் அஞ்சலி எல்லாம் போட்டு அழகான புத்தகம் ஒன்று அடிக்கிறார்கள். அவர் விளக்க வெளிக்கிட்டதும் நேசன் அண்ணை கையைக் காட்டி நிறுத்திவிட்டார். "கல்வெட்டு" என்றார் என்னைப் பார்த்து. செத்தவரின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு எங்கள் ஆட்கள் அடிக்கிற நினைவுப் புத்தகம், அதேதான்.

அவர்களுடைய எவே மொழியில் சில எழுத்துகளுக்குக் கொக்கியும் வாலும் உண்டு. என் கணினியில் அவை இல்லாதபடியால் நான் சாதாரண ஆங்கில எழுத்தைப் போட்டு வைத்தேன். யாவோ நின்று வாசித்தார். ஒரு வரியில் நின்றுவிட்டார்.

"கொக்கி இல்லாமல் வாசித்தால் என் அம்மா வேறு யாரோ ஆகிவிடுகிறார்" என்றார், சிரித்துக்கொண்டுதான்.

தமிழ் எழுத்துருவோடு பட்ட பாட்டை மறந்தவள் அல்ல நான். எவே எழுத்துரு ஒன்றைத் தேடிப் பிடித்து எல்லாவற்றையும் திரும்ப அடித்தேன். அதற்குப் பிறகு அவருடைய ஊர்க்காரர் எல்லோரும் எங்களிடம் வரத் தொடங்கினார்கள்.

அந்தப் புத்தகங்களை அடித்து அடித்துத்தான் எனக்கு அந்தத் தொகுதியின் சரித்திரம் தெரியவந்தது. வயதானவர்கள் எல்லோருடைய வரலாறும் ஒரே மாதிரித் தொடங்கும். "இப்போது ஏரிக்கு அடியில் இருக்கும் இன்ன ஊரில் பிறந்தார்." முதலில் எழுத்துப்பிழை என்றுதான் நினைத்தேன். யாவோவிடம் கேட்டேன். அவர் சிறுவனாக இருந்தபோது அரசாங்கம் வோல்டா ஆற்றுக்குக் குறுக்கே அணை கட்டியதாம். தண்ணீர் ஏறி ஏறி ஆறு ஏரியாயிற்று, கரையோர ஊர்கள் அதற்குள் போய்விட்டன. சனங்களைக் கோழி, பாய், கழற்றிய கதவுப் பலகைகளோடு லொறிகளில் ஏற்றி மேட்டு நிலத்தில் இறக்கினார்கள். அங்கே ஒரு அறையை மட்டும் கட்டி, மற்ற அறைகளுக்கு அத்திவாரம் போட்ட வீடுகள் வரிசையாக நின்றன. மிச்சத்தை நீங்களே கட்டுங்கள் என்று விட்டார்கள்.

பிறகு அபெனா வந்தார். மோர்னிங்சைட்டில் வசிக்கிற நேர்ஸ். கட்டையான, வேகமான பெண். பேசும்போதே கைப்பையைத் திறந்து மூடிக்கொண்டிருப்பார். அவரும் அதே தொகுதி, ஆனால் மேட்டு நிலத்துப் பழைய ஊர். அவர்கள் பேசுவது ட்வி மொழி. அவர் தன் தாயாருக்கு அடித்த புத்தகத்தில் ஒரு வரி இருந்தது: "தண்ணீரால் துரத்தப்பட்டு வந்தவர்களுக்கு முதல் மழைக்காலம் முழுவதும் சமைத்துப் போட்டார்." ஒரே கதையின் இரண்டு நுனிகள் என் கணினியில் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தன.

மேட்டு நிலத்தாருடைய காணிகளைத்தான் அரசாங்கம் எடுத்து, லொறியில் வந்தவர்களுக்குக் கொடுத்தது. அதற்கான நட்டஈடு ஒழுங்காக வந்து சேரவில்லை. வந்தவர்களுக்கோ அந்தக் காணிக்கு உறுதிப் பத்திரம் இல்லை. யாரோ செய்ததற்கு இரண்டு பகுதியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். தொகுதியின் அரசியல் முழுவதும் அதற்குள்தான் சுற்றியது. தொடக்கத்தில் எம்.பி. எப்போதும் மேட்டு நிலத்தார்தான். பிறகு வந்தவர்களின் பிள்ளைகள் படித்தார்கள், தொகையும் கூடியது, தங்களில் ஒருவர் வரவேண்டும் என்று கேட்டார்கள். தெரு, கிளினிக், கிணறு எதுவும் எந்தப் பக்கத்து ஊருக்கு முதலில் வருகிறது என்று இரண்டு பக்கமும் கணக்குப் பார்த்தது.

ரொறன்ரோவில் இருக்கிறவர்களுக்கு அங்கே வாக்குப் போட வழியில்லை. ஆனால் தேர்தல் வந்தால் வேலைக்கு லீவு போட்டுவிட்டு ஓடித் திரிவார்கள். நிதி சேர்ப்பார்கள், சுவரொட்டி அடிப்பார்கள், கட்சிச் சின்னத்தோடு ரீசேர்ட் அடிப்பார்கள், எல்லாவற்றையும் நீலப் பீப்பாய்களில் அடைத்துக் கப்பலில் அனுப்புவார்கள். "வாக்கில்லாதவைக்குத்தான் எலக்‌ஷன் பைத்தியம் கூட" என்று நேசன் அண்ணை சொல்லுவார். எங்கள் ஆட்களையும் சேர்த்துத்தான் சொன்னார்.

அவர்களிடம் கற்றுக்கொண்ட ஒரு சொல் எனக்கு மிகவும் பிடிக்கும். ஜனாதிபதிக்கு ஒரு கட்சியையும் எம்.பி.க்கு மற்றக் கட்சியையும் போட்டால் அதற்குப் "பாவாடை சட்டை வாக்கு" என்று பெயர். மேலே ஒரு நிறம், கீழே ஒரு நிறம். அபெனா அப்படிப் போடுகிறவர்களைத் திட்டுவார். யாவோ தன் தாய் வாழ்நாள் முழுக்கப் பாவாடை சட்டைதான் போட்டார் என்று பெருமைப்படுவார்.

முன்பு இரண்டு பேரும் ஒரே ஊர்ச் சங்கத்தில் இருந்தவர்கள். ஒரு தேர்தலுக்குப் பிறகு சங்கம் இரண்டாக உடைந்தது, ஒன்றுக்கு அபெனா தலைவரானார். அதில் இருந்து கதைப்பதில்லை. இவர் சனிக்கிழமை வந்தால் அவர் ஞாயிற்றுக்கிழமை வருவார். இவருடையதை மேசையின் இந்த மூலையிலும் அவருடையதை அந்த மூலையிலும் நான் கவிழ்த்து வைப்பேன்.

நான் சொல்லவந்த தேர்தலில் அபெனாவின் ஒன்றுவிட்ட தம்பிதான் நடப்பு எம்.பி. யாவோவின் ஆட்கள் விவசாயத் திணைக்களத்தில் வேலை செய்த ஒரு பெண்ணை எதிர்த்து நிறுத்தியிருந்தார்கள். தேர்தல் டிசம்பரில். இலை கொட்டத் தொடங்கிய காலத்தில் ஒரு சனிக்கிழமை, அபெனா தன் ரீசேர்ட்டுகளுக்காக வாசலுக்குப் பக்கத்து நீள வாங்கில் காத்துக்கொண்டிருந்தார். நீலக் கோட் போட்ட ஒரு இளைஞர் வந்து, தன் பெயர் எரிக் என்றும், யாவோவின் வேட்பாளருக்கு வேலை செய்வதாகவும் சொல்லி ஒரு பென்டிரைவைத் தந்தார். துண்டுப்பிரசுரம். பெரிய தொகை. முழுக் காசும் இப்போதே. திங்கட்கிழமை பீப்பாய் போகிறது.

திறந்து பார்த்தேன். அந்தப் பெண்ணின் கட்சி நிறம் சரியாக இருந்தது. படம் நான் போன மாதம் செய்த சுவரொட்டியில் இருந்து வெட்டி எடுத்தது. ஆனால் எவேயில் இருந்த பகுதியில் ஒரு கொக்கிகூட இல்லை. யாவோ இதைப் பார்த்திருந்தால் விட்டிருக்கமாட்டாரே என்று நினைத்தேன். மெதுவாக நேசன் அண்ணையிடம் சொன்னேன். அவர் புரூஃபை எடுத்து எரிக்கிடம் நீட்டினார்.

"வாசியுங்கள். சத்தமாக."

எரிக் சிரித்தார். பிறகு இது இந்தக் கடையின் வழக்கம் என்று விளங்கி, ஆங்கிலப் பகுதியை வேகமாக வாசித்தார். "நான் வெற்றி பெற்றால், மேட்டு நிலத்துப் பரம்பரைத் தலைவரின் காணிகள் முழுவதும் குடியேறியவர்களின் பெயரில் எழுதப்படும். இனி அவர்களுக்கு நாங்கள் ஒன்றும் கொடுக்கவேண்டியதில்லை."

வாங்கில் இருந்த அபெனாவின் கைப்பை மூடுகிற சத்தம் நின்றுவிட்டது.

"மற்றப் பகுதியையும் வாசியுங்கள்" என்றார் நேசன் அண்ணை.

"அது எவே. எனக்கு வாசிக்க அவ்வளவு வராது. பரவாயில்லை, அடியுங்கள்."

அபெனா எழுந்து வந்தார். "அதை எனக்குக் காட்டுங்கள்."

நேசன் அண்ணை கடதாசியைக் கவிழ்த்து வைத்தார். "மன்னிக்கவேண்டும் மேடம். இன்னொருவருடைய வேலை."

"காதால் கேட்டதை எப்படிக் கவிழ்த்து வைப்பீர்கள்?" என்றார் அபெனா.

அபெனா எரிக்கின் பக்கம் திரும்பி ட்வியில் எதையோ கேட்டார். அவர் யோசிக்காமல் மேட்டு நிலத்தாரின் அந்த ட்வியிலேயே பதில் சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் தன் வாயைத் தானே பிடித்த மாதிரி நின்றார். அதற்குப் பிறகு நடந்த பேச்சில் எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆனால் வீட்டுப் பிள்ளையைத் தாய் ஏசுகிற குரல் எந்த மொழியிலும் ஒன்றுதான். கடைசியில் எரிக் பென்டிரைவை இழுத்து எடுத்துக்கொண்டு கதவை அடித்துச் சாத்திவிட்டுப் போனார்.

"யார் அவர்?" என்று கேட்டேன்.

"என் தம்பியின் ஆள்" என்றார் அபெனா. "என் பக்கத்து ஆள்."

அவர் வாங்கில் திரும்ப இருக்கவில்லை. நின்றபடியே சொன்னார். முன்னொரு தேர்தலில் இதே மாதிரி ஒரு கதை கிளம்பி, இரண்டு பக்கத்திலும் வள்ளிக்கிழங்குக் களஞ்சியங்கள் எரிந்தனவாம். சந்தை இரண்டாகப் பிரிந்து, ஒரு வருடம் முழுக்க ஒருவரிடம் ஒருவர் உப்புக்கூட வாங்கவில்லையாம். அவருடைய தாய் சமைத்துப் போட்ட குடும்பம் ஒன்றின் வீட்டைக் கொளுத்தியவர்களில் அவருடைய சொந்த மாமாவும் ஒருவர்.

"இவன் வேறு இடத்தில் அடிப்பான். நாளைக்கே அடிப்பான்" என்றார். பிறகு என்னிடம், "யாவோவின் நம்பர் உங்களிடம் இருக்கிறதுதானே? தாருங்கள்."

நான் நேசன் அண்ணையைப் பார்த்தேன். வாடிக்கையாளரின் நம்பரை இன்னொருவருக்குக் கொடுப்பது எங்கள் கடையில் இல்லாத வேலை. அவர் காதில் இருந்த பென்சிலை எடுத்தார், திரும்ப வைத்தார்.

"நம்பர் குடுக்கேலாது பிள்ளை. ஆனா யாவோவின்ரை போஸ்டர் முடிஞ்சு கிடக்கெல்லோ? நாளைக்கு மத்தியானம் வந்து எடுக்கச் சொல்லி நீர் ஒருக்கா போன் அடியும்." பிறகு அபெனாவிடம் ஆங்கிலத்தில், "உங்கள் ரீசேர்ட்டும் நாளை மத்தியானம்தான் முடியும்" என்றார். முடிந்த ரீசேர்ட் எல்லாம் நேசன் அண்ணையின் முதுகுக்குப் பின்னால் பெட்டியில் கட்டிக் கிடந்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை யாவோ குனிந்து உள்ளே வந்தார். அபெனாவைக் கண்டதும் திரும்பிப் போகப் பார்த்தார்.

"இருங்கள்" என்றார் அபெனா. "வணக்கம் சொல்ல வரவில்லை. ஒரு பொய் ஊருக்குப் போகிறது. என் ஆட்கள் அனுப்புகிறார்கள். உங்கள் வேட்பாளரின் பெயரில்."

யாவோ முழுவதையும் நின்றுகொண்டே கேட்டார். "இதை ஏன் எனக்குச் சொல்கிறீர்கள்? இது உங்களுக்கு வாக்கு."

"வாக்கு எனக்குத் தெரியும். நெருப்பும் தெரியும்."

இரண்டு பக்கமும் சேர்ந்து ஒரு மறுப்புச் சுவரொட்டி போடுவது என்று முடிவாயிற்று. கப்பலில் அனுப்ப நேரமில்லை. நான் இங்கே பக்கத்தை அமைத்து மின்னஞ்சலில் அனுப்ப, அவர்களுடைய சந்தை நகரத்தில் ஒரு அச்சகம் அடிக்கும். அதையே உள்ளூர் வானொலியில் இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் வாசிப்பார்கள். அரை மணித்தியால வேலை என்று நினைத்தேன். பொழுது சாயும் மட்டும் எடுத்தது.

முதலில் நிறம். பச்சை என்றால் ஒருவருடையது, சிவப்பு என்றால் மற்றவருடையது, நீலத்துக்கும் ஒரு சொந்தக்காரர் இருந்தார். கடைசியில் வெள்ளையில் கறுப்பு. படம் வேண்டாம்.

பிறகுதான் உண்மையான சண்டை தொடங்கியது. சுவரொட்டியின் முதல் வரி: "இந்தத் தொகுதியின் மண்ணின் மக்களும் குடியேறியவர்களும் ஒன்றாகச் சொல்வது என்னவென்றால்." அபெனா எழுதியது. நான் அடித்து முடிக்க முதலே யாவோ கையை நீட்டித் திரையை மறைத்தார்.

"குடியேறியவர்கள் என்று போடவேண்டாம். என் தகப்பனை அங்கேதான் அடக்கம் செய்தோம். என் மகள் அங்கேதான் பிறந்தாள். எத்தனை காலத்துக்கு நாங்கள் குடியேறிக்கொண்டிருப்பது?"

"அப்படியென்றால் நாங்கள் கொடுத்தது என்ன?" என்றார் அபெனா. "எல்லோரும் மண்ணின் மக்கள் என்றால் எங்கள் தாத்தாவின் நிலம் தானாக நடந்து போனதா? அந்தச் சொல்லை எடுத்தால் எங்களுக்கு வரவேண்டியதும் அதோடு போய்விடும்."

இரண்டு பேரும் சொன்னது உண்மை. அதுதான் கஷ்டம். "விருந்தினர்" என்று போடலாமா என்று அபெனா கேட்டார். அவர்கள் இருவருடைய மொழியிலும் விருந்தாளிக்கும் அந்நியனுக்கும் ஒரே சொல்தானாம். தமிழிலும் விருந்து என்றால் முதலில் புதிதாய் வந்தது என்றுதான் பொருள் என்று நான் சொன்னேன். யாவோ தலையாட்டினார். "உங்கள் மொழியிலுமா? அப்படியென்றால் இன்னும் மோசம்."

அந்த நேரத்தில் அபெனாவின் கைத்தொலைபேசி அடித்தது. கானாவில் இருந்து எம்.பி.யே எடுத்திருந்தார். எரிக் சொல்லியிருக்கவேண்டும். அவர் கத்தியது எங்கள் எல்லோருக்கும் கேட்டது. அபெனா கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, நாங்களும் விளங்கவேண்டும் என்றோ என்னவோ, ஆங்கிலத்தில் பதில் சொன்னார்.

"எந்தப் பக்கம் என்று கேட்கிறாயா? உன் பக்கம்தான். நீ வெல்லவேண்டும். அதனால்தான் இதைச் செய்கிறேன்."

வைத்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதற்குப் பிறகு அவருடைய குரலில் சண்டை குறைந்திருந்தது. யாவோ ஒரு கதிரையை இழுத்து அவருக்குப் பக்கத்தில் போட்டார். கதைக்காமல் இருந்த இத்தனை வருடத்தில் அவர்கள் அவ்வளவு கிட்ட இருந்தது அன்றுதான் என்று நினைக்கிறேன்.

"அம்மா உங்கள் ஆட்களை அப்படி ஒரு பெயரும் சொல்லிக் கூப்பிட்டதில்லை" என்றார் அபெனா மெதுவாக. "ஊர்ப் பெயரைத்தான் சொல்லுவார். இன்ன ஊர்க்காரர் வருகிறார்கள், இன்ன ஊர்க்காரருக்கு உப்புக் கூடப் போடு என்று."

யாவோ அவரைப் பார்த்தார். "தண்ணீருக்குள் போன ஊர்ப் பெயரையா?"

"வேறு எந்த ஊர்?"

அப்படித்தான் அந்தச் சொல் போயிற்று. குடியேறியவர்கள் இல்லை, விருந்தினர் இல்லை, மண்ணின் மக்கள் இல்லை. ஊர்களின் பெயர்கள் மட்டும். மேட்டு நிலத்து ஊர்கள், லொறியில் வந்தவர்களின் புதிய ஊர்கள், ஏரிக்கு அடியில் கிடக்கிற ஊர்கள். "இந்த ஊர்களின் மக்கள் சொல்கிறோம்: காணி பற்றி வருகிற பிரசுரம் பொய். யாரும் யாருடைய காணியையும் தேர்தலால் எடுக்கமுடியாது. காணிக் கணக்கு அரசாங்கத்தோடு, அயலவரோடு அல்ல." கடைசி வசனத்தை யாவோ சொல்ல அபெனா திருத்தினார்.

பெயர்களை அடிக்க அடிக்க அடுத்த பிரச்சினை வந்தது. யாருடைய ஊர் முதலில்? அகர வரிசை என்றேன். எந்த மொழியின் வரிசை என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கேட்டார்கள். நேசன் அண்ணை பென்சிலால் தலையைச் சொறிந்தார்.

"பிள்ளை, திருவிழா நோட்டீசுக்குச் சுத்திவரப் பூப் போடுவீரெல்லோ?"

அவர் சொல்லி முடிக்க முதல் எனக்கு விளங்கிவிட்டது. பெயர்களைச் சுவரொட்டியின் நாலு கரையையும் சுற்றி ஓடவிட்டேன், மாலை மாதிரி. தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை. இடைவெளி சரிவராமல் ஒவ்வொரு எழுத்தாக நெருக்கினேன், தள்ளினேன். கொக்கி எழுத்துகள் மூலையில் வந்து இடித்தன. ஒரு கரை குறைந்து நின்றது. இன்னும் பெயர்கள் தேவைப்பட்டன. மரணப் புத்தகங்களில் படித்த சில பெயர்கள் எனக்கு ஞாபகம் வந்தன.

"ஏரிக்குள் தீவுகளில் மீன் பிடிக்கிறவர்களுடைய ஊர்களைப் போடவில்லையே?" என்று கேட்டேன்.

இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். தண்ணீர் ஏறியபோது மலை உச்சிகள் தீவுகளாக மிஞ்சின. மீன் பிடிக்கிறவர்கள் பிறகு அங்கே போய்க் குடிசை போட்டார்கள். அவர்களும் இந்தத் தொகுதிதான். "அவர்களை மறந்துவிட்டோம்" என்றார் யாவோ. "எப்போதும்தான் மறக்கிறோம்" என்றார் அபெனா. அந்தப் பெயர்களையும் போட்டபோது நாலாவது கரை நிறைந்தது.

வாசிக்கிற நேரம் வந்தது. இரண்டு பேரும் எழுந்து நின்றார்கள். ட்வியை அபெனா வாசித்தார், எவேயை யாவோ வாசித்தார், ஊர்ப் பெயர்களை ஒன்றுவிட்டு ஒன்றாக இருவரும் வாசித்தார்கள். ஏரிக்கு அடியில் கிடக்கிற தன் ஊரின் பெயரில் யாவோ தடுக்கிக்கொண்டார். அபெனா அந்தப் பெயரைத் தானே சொல்லிவிட்டு அடுத்ததுக்குப் போனார். நேசன் அண்ணை இருவருக்கும் பேனாவை நீட்டினார்.

எரிக்கின் பிரசுரம் வேறு எங்கோ அச்சாகி ஊருக்குப் போய்ச் சேர்ந்தது உண்மை. ஆனால் அதற்கு முதலே எங்கள் சுவரொட்டி சந்தையிலும் படகுத்துறையிலும் ஏறிவிட்டது, வானொலியிலும் வாசித்துவிட்டார்கள். ஒரு ஊரில் ஒரு களஞ்சியம் எரிந்தது. அதை அணைக்க இரண்டு பக்கத்தாரும் தண்ணீர் சுமந்தார்கள் என்று யாவோ சொன்னார். எல்லா இடமும் அமைதி என்று என்னால் எழுதமுடியாது. ஆனால் யாரும் சாகவில்லை. சந்தையும் பிரியவில்லை. அபெனாவைத்தான் அவருடைய சங்கம் தலைவர் பதவியில் இருந்து இறக்கியது. யாவோவின் சங்கம் உடனே அழைத்தது. "நான் உங்கள் கட்சி இல்லை" என்று சொல்லிவிட்டார்.

முடிவு வந்த அன்று பின்னேரம் வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் சொல்லிவைக்காமலே கடைக்கு வந்து, வாங்கின் இரண்டு நுனியில் இருந்து, ஆளுக்கொரு கைத்தொலைபேசியில் ஊர் வானொலியைக் கேட்டார்கள். மேட்டு நிலத்து வாக்குப்பெட்டிகள் முதலில் வந்தன, அபெனா கைதட்டினார். பிறகு புதிய ஊர்களின் பெட்டிகள், யாவோ எழும்பி நின்றார். கடைசியாகப் படகில் வந்த தீவுப் பெட்டிகள். தீவுக்காரர் இரண்டு பக்கத்து வேட்பாளருக்கும் அல்ல, சுயேச்சையாக நின்ற தங்களுடைய மீனவர் ஒருவருக்கு வாக்கை அள்ளிப் போட்டிருந்தார்கள்.

"யார் அது?" என்றார் அபெனா.

"எனக்கும் தெரியாது" என்றார் யாவோ. "சுவரொட்டிகூட அடிக்கவில்லையே!"

அந்த மனிதர் மூன்றாவதாகத்தான் வந்தார். ஆனால் அவர் எடுத்த வாக்குகளால் யாவோவின் வேட்பாளர் தோற்றுப்போனார், அபெனாவின் தம்பி வென்றார். யாவோ வாங்கின் மற்ற நுனிக்குப் போய் அபெனாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "அந்தப் பெண் நன்றாக நின்றாள்" என்றார் அபெனா. "அடுத்த முறை எங்களுக்குக் கஷ்டம் தருவாள்." "தருவாள்" என்றார் யாவோ. தந்தாள். இன்று அந்தப் பெண்தான் எம்.பி. வென்ற அன்று அபெனா எனக்குத் தொலைபேசி எடுத்து, அவளுடைய படத்தை நான் வேண்டுமென்றே அழகாக்கிவிட்டேன் என்று ஏசினார்.

இப்போது இரண்டு பேரும் என்னை ஊருக்கு வரச் சொல்லி நிற்கிறார்கள். மேட்டு நிலத்தில் பெரிய வீடு இருக்கிறது, அங்கேதான் தங்கவேண்டும் என்கிறார் அபெனா. ஒரு அறை வீட்டை ஐந்து அறையாகக் கட்டி வைத்திருக்கிறோம், எங்களிடம்தான் முதலில் வரவேண்டும் என்கிறார் யாவோ. நேசன் அண்ணையிடம் யோசனை கேட்டேன். "உது பெரிய அரசியல் பிள்ளை, என்னைக் கேளாதையும்" என்றுவிட்டார். வருகிற ஜனவரிக்கு டிக்கெட் போட்டுவிட்டேன். முதல் நாள் யார் வீட்டில் தங்குவேன் என்று இன்னும் இரண்டு பேருக்கும் சொல்லவில்லை.